கதவுக்குப் பதிலாகத் துணித்திரை: வாசகர் கேள்வி–பதில்

சமையல் மேடைக்குக் கீழேயும் சுவர் அலமாரியிலும் மரக்கதவு, பிவிசி கதவு போடாமல் துணித்திரை தொங்கவிடுவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

புது வீட்டில் கிரானைட் மேடை போட்டாகிவிட்டது. கீழே நான்கு அறைகள் திறந்தபடி இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்றடி அகலம். தரையிலிருந்து கல்லின் அடிப்பக்கம் வரை 28 அங்குலம். எவ்வளவு துணி எடுப்பது? டெய்லரிடம் கேட்டால் "ரெண்டு மீட்டர் கொண்டாங்க, பாத்துக்கலாம்" என்கிறார்.
— வாசகி, பாலக்கோடு

துணி எடுப்பதற்கு முன்னால் கம்பி எங்கே உட்காரப்போகிறது என்று முடிவு செய்துவிடுங்கள். கல்லின் முன் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, கல்லின் அடியிலிருந்து ஓர் அங்குலம் கீழே கம்பி வரட்டும். விளிம்போடு ஒட்டி மாட்டினால் மேடையைத் துடைக்கும்போது வழிகிற தண்ணீரும் எண்ணெயும் நேராகத் திரையில்தான் இறங்கும். ஒரே மாதத்தில் மேல் மடிப்பு முழுக்கப் பிசுக்குப் பிடித்துவிடும்.

உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அரை அங்குலமாவது வித்தியாசம் வரும். மூன்றில் சிறிய அளவையே கணக்குக்கு எடுங்கள். உங்களுடையது 28 என்றால், தரைக்கு மேல் ஒன்றரை அங்குலமும் கல்லுக்குக் கீழே அரை அங்குலமும் விட்டு, தைத்து முடித்த திரை 26 அங்குலம் இருக்க வேண்டும்.

அதோடு தையலுக்கான துணியைக் கூட்டுங்கள். மேலே கம்பிக்கு மேல் நிற்கும் சிறு ஃபிரில் முக்கால் அங்குலம், கம்பி நுழையும் நாடா மடிப்பு ஒன்றேகால் அங்குலம், ஆக இரண்டு. இந்த இரண்டு அங்குலம் பின்பக்கம் மடிந்து வர வேண்டும், அதன் நுனியை உள்ளே திருப்ப இன்னும் அரை. மேலே மொத்தம் இரண்டரை. கீழ் மடிப்புக்கு மூன்று. 26 + 2½ + 3 = 31½; வெட்டும்போது 32 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் மடிப்பை ஓர் அங்குலத்தில் முடித்துவிடச் சில டெய்லர்கள் பார்ப்பார்கள், விடாதீர்கள். இரண்டரை அங்குல மடிப்பின் கனம்தான் திரையை நேராகத் தொங்க வைக்கிறது. பின்னால் துணி சுருங்கினாலும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

அகலத்தில் கொசுவத்துக்கு இடம் வேண்டும். 36 அங்குல இடத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 54 அங்குலம். அதை இரண்டு திரையாகப் பிரித்தால் ஒன்று 27. ஒவ்வொன்றுக்கும் இரு ஓரமும் அடிக்க ஒவ்வோர் அங்குலம் சேர்த்தால் 29. இரண்டுக்கும் 58. இதைவிடக் குறைத்தால் திரை விறைப்பாக நின்று நடுவில் பிளந்துகொள்ளும். ஜன்னல் திரைக்குச் செய்வதுபோல இரண்டு மடங்கு வைத்தாலும் சிக்கல்தான்: ஒதுக்கிய துணியே பக்கத்துக்கு அரையடி இடத்தை அடைத்துக்கொண்டு, அரிசி டிரம்மை வெளியே இழுக்க விடாது.

ஆக, 60 அங்குல அகலத் துணி என்றால் ஓர் அறைக்கு ஒரு மீட்டர் தாராளம். 44 அங்குலத் துணி என்றால் 32 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்ட வேண்டும், சுருக்கத்தையும் சேர்த்து 1¾ மீட்டர். உங்கள் டெய்லர் சொன்ன இரண்டு மீட்டர் 44 அங்குலத் துணிக்குச் சரி, 60 அங்குலத் துணிக்கு வீண். நான்கு அறைக்கும் சேர்த்து ஒரே நாளில், ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். அடுத்த மாதம் அதே துணி கிடைத்தாலும் சாயம் ஒரு பிடி கூடவோ குறையவோ இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது அது நன்றாகவே தெரியும்.

கிரானைட்டிலும் கடப்பாக் கல்லிலும் துளை போட பயமாக இருக்கிறது. கம்பியை எப்படி நிறுத்துவது?
— வாசகர், காரிமங்கலம்

பயப்படுவது சரிதான். மேடையைத் தாங்கி நிற்கும் கடப்பாக் கல் பெரும்பாலும் ஓர் அங்குல கனம்தான். ஓரத்துக்குப் பக்கத்தில் டிரில் மெஷினை ஹாமரில் வைத்துப் போட்டால் கல் பொரிந்துவிடும், சில சமயம் கீழிருந்து மேல்வரை கோடு விழும். துளையே போடாமல் முடிக்கலாம்.

இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் அளவில், முக்கால் அங்குல கனமுள்ள மரத்துண்டுகள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் திறந்த பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 14 மில்லிமீட்டர் பள்ளம். மரத்தில் பெயின்ட் அல்லது வார்னிஷ் இரண்டு கை அடித்துக் காய்ந்த பிறகு, ஒட்டப்போகும் முகத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மரத்தை வெளிக்கொண்டு வாருங்கள். கல்லின் முகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி பசையால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க டேப் போட்டுப் பிடித்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கெட்டியானதைப் பார்த்து கம்பியை ஏற்றிவிடுகிறவர்களுக்குத்தான் மரத்துண்டு கையோடு வந்துவிடுகிறது. இருபக்கம் ஒட்டும் டேப்பை நம்ப வேண்டாம். சமையல் ஆவியில் அது இளகிவிடும்.

இந்த அமைப்பில் கம்பியை மேலே தூக்கினால் பள்ளத்திலிருந்து வந்துவிடும். துவைக்கும்போது திரையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படாது. கம்பிக்கு அரை அங்குல எஸ்.எஸ். பைப்போ அலுமினியப் பைப்போ போதும். வெட்டிய முனையை அரத்தால் ராவி விடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை நுழைக்கும்போதும் துணியைக் கிழிக்கும்.

பக்கச் சுவர் செங்கல்லாக இருந்தால் இந்த வேலை எல்லாம் வேண்டாம். 6 மில்லிமீட்டர் பிட், ரா பிளக், 35 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும். ஹாலோ பிளாக் சுவரில் மட்டும் கவனம். பிளக் வெற்றிடத்தில் விழுந்தால் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. இரண்டு அங்குலம் தள்ளி, கல்லின் கெட்டியான பாகம் வரும் இடத்தில் போடுங்கள்.

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஸ்பிரிங் உள்ள டென்ஷன் ராடு வாங்கினேன், இரண்டு நாளுக்கு ஒரு முறை விழுகிறது.
— வாசகி, தருமபுரி

மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ராடை இடத்தின் அளவுக்கே நீட்டி மாட்டியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரிங்குக்கு அழுத்தவே வேலை இருக்காது. இடத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாக நீட்டிவிட்டு, அழுத்திச் சுருக்கிக்கொண்டே உள்ளே வைக்க வேண்டும். இரண்டாவது, ரப்பர் முனை படும் இடத்தில் எண்ணெயோ சுண்ணாம்புத் தூளோ இருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். வெள்ளையடித்த சுவராக இருந்தால் ரப்பருக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய ரப்பர் ஷீட் துண்டு ஒன்று. மூன்றாவது, திரை கனமாக இருக்கும். நான்கடிக்கு மேற்பட்ட அகலத்துக்கும் கேன்வாஸ் போன்ற துணிக்கும் இந்த ராடு சரிப்படாது.

நிறுத்திய கல் ஆடினால் ராடு மாட்டவே மாட்டாதீர்கள். ஸ்பிரிங் அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கேஸ் சிலிண்டர் மேடைக்குக் கீழே நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை. மற்ற அறைகளுக்குப் போடும் திரையையே அதற்கும் போடலாமா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

போடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். திரை போட்ட அறையில் அது வெளியேறுவது தாமதப்படும், வாசனை உங்கள் மூக்குக்கு வந்து சேருவதும் தாமதப்படும். ரெகுலேட்டரும் ட்யூபும் தினமும் கண்ணில் படுவதே ஒரு பாதுகாப்பு. மறைத்துவிட்டால் ட்யூபில் வெடிப்பு விழுந்திருப்பதை யார் பார்ப்பார்கள்? ட்யூபை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதற்கான தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

அடுப்புக்கு நேர் கீழே உள்ள அறைக்கும் திரை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பொங்கி வழிவதும், தாளிக்கும்போது சிதறுவதும், சில நேரம் தீக்குச்சி விழுவதும் அங்கேதான். அந்த ஓர் அறையைத் திறந்தே விட்டு, அதில் எவர்சில்வர் பாத்திரங்களை அழகாக அடுக்கிவிடுங்கள். பார்க்க ஒன்றும் குறைவாக இருக்காது. சிலிண்டரை மறைத்தே தீர வேண்டும் என்றால் மேலும் கீழும் காற்று புகும்படி கிராதி வைத்த கதவு போடுங்கள்.

எரிவாயு வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

எந்தத் துணி நல்லது? பர்கூரில் ஜவுளிக் கடைகளைச் சுற்றிப் பார்த்தோம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
— வாசகி, பர்கூர்

சமையலறைக்கு நடுத்தர கனமுள்ள, நெருக்கமாக நெய்த பருத்தியே எங்கள் முதல் தேர்வு. படுக்கை விரிப்புக்கு நெய்கிற கெட்டித் துணி, டிரில், நல்ல காடா மூன்றுமே இதில் அடங்கும். மல், வாயில் போன்ற மெல்லிய துணியில் உள்ளே இருக்கும் டப்பாக்களின் நிழல் தெரியும். காற்றடித்தால் மேலே பறந்து அடுப்புப் பக்கம் போகும். கேன்வாஸும் டெனிமும் கொசுவம் பிடிக்காது, துவைத்தால் காய ஒரு நாளாகும். பாலியஸ்டர் சுருங்காது, சீக்கிரம் காயும், சாயமும் போகாது. ஆனால் சூடு பட்டால் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பிலிருந்து தள்ளியிருக்கும் சிங்க் அறைக்கும் படுக்கையறை அலமாரிக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே சோதிக்கச் சில வழிகள் உண்டு. ஒற்றை மடிப்புத் துணிக்குப் பின்னால் கையை வைத்து ட்யூப்லைட்டை நோக்கிப் பிடியுங்கள். விரல்களைத் தனித்தனியாக எண்ண முடிந்தால் அது திரைக்கு மெல்லிசு. துணியை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூள் உதிர்கிறதா பாருங்கள். உதிர்ந்தால் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டு மெல்லிய துணியைக் கனமாகக் காட்டியிருக்கிறார்கள், முதல் துவைப்பிலேயே தொளதொளத்துவிடும். ஈரக் கைக்குட்டையால் அடர் நிறப் பகுதியை அழுத்தித் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பது தெரியும். திரைக்கென்றே நெய்த துணி பெரும்பாலும் 48 அல்லது 54 அங்குல அகலத்தில் வரும். சட்டை, பாவாடைத் துணி 36 அல்லது 44. விலையை மீட்டருக்கு ஒப்பிடாமல், மேலே சொன்ன கணக்குப்படி ஓர் அறைக்கு என்ன ஆகிறது என்று ஒப்பிடுங்கள். அகலம் குறைந்த மலிவுத் துணி பல சமயம் கூடுதல் செலவில் முடியும்.

சுருக்கம் எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். துணியில் பால்பாயின்ட் பேனாவால் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டிரண்டு புள்ளி வையுங்கள், பாவு (நீள) வாக்கில் ஒரு ஜோடி, ஊடை (அகல) வாக்கில் ஒரு ஜோடி. நனைத்துத் துவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளங்கள். அரை சென்டிமீட்டர் குறைந்தால் ஒரு சதவீதம். கைத்தறியிலும் காடாவிலும் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்குவது சாதாரணம். 26 அங்குலத் திரையில் அது ஒன்றேகால் அங்குலம், அதாவது நீங்கள் தரைக்கு விட்ட இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதனால் எடுத்த துணி முழுவதையும் ஒரு முறை துவைத்த பிறகே வெட்டக் கொடுங்கள். "வேணாம்மா, இது சுருங்காத துணி" என்று யார் சொன்னாலும் சரி.

டிசைனைப் பற்றி ஒன்று. பெரிய பூவும் மயிலும் கொசுவத்துக்குள் ஒளிந்துகொள்ளும், பாதி மயில்தான் தெரியும். சிறு கட்டம், மெல்லிய கோடு, பொடிப் பூ எல்லாம் மடிப்பிலும் நன்றாக இருக்கும். மேடைக்குக் கீழே வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். வெள்ளையில் மஞ்சள்கறை தெரியும், கறுப்பில் மாவுத்தூள் தெரியும்.

திரை மாட்டிய ஸ்பிரிங் ஒயர் நடுவில் தொய்ந்து, திரை தரையைத் தொடுகிறது.
— வாசகர், அரூர்

ஒயரை இடத்தின் முழு நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். மூன்றடி இடத்துக்கு 34½ அங்குலம் வெட்டி, இழுத்து மாட்டினால்தான் விறைப்பாக நிற்கும். இப்போது இருப்பதில் ஒரு முனையின் கொக்கியைத் திருகிக் கழற்றி, ஒன்றரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். இடம் நான்கடிக்கு மேல் என்றால் ஒயரை விட்டுவிட்டுக் கம்பிக்கு மாறுவதே மேல். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தினமும் திறந்து மூடுகிற திரைக்கு அது தளர்ந்துவிடும்.

ஓசூரில் இருக்கிறோம். சிங்க்குக்குக் கீழே போட்ட திரையில் கறுப்புப் புள்ளிகள், முடை நாற்றம். மார்கழி மாதத்தில் இன்னும் மோசம். திரையை மாற்றினாலும் திரும்ப வருகிறது.
— வாசகி, ஓசூர்

திரையை மாற்றுவதற்கு முன்னால் சிங்க்கின் வடிகுழாயைப் பாருங்கள். அதன் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்து விடுங்கள். தாளில் ஈரப் பொட்டு எங்கே விழுகிறதோ அதற்கு நேர் மேலே உள்ள இணைப்பில்தான் கசிவு. பெரும்பாலும் வாஷரை மாற்றி, மரையை இறுக்கினாலே நின்றுவிடும். கசிவு இருக்கும்வரை எந்தத் துணி போட்டாலும் பூசணம் வரும்.

அடுத்தது தரை. திரை தரையைத் தொட்டால், வீடு துடைக்கும் ஒவ்வொரு முறையும் கீழ் மடிப்பு தண்ணீரை உறிஞ்சும். அந்த மடிப்பில் துணி இரண்டு மூன்று அடுக்காக இருப்பதால் அங்கேதான் கடைசியில் காயும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிக்காலத்தில் காயவே காயாது. சிங்க் அறைத் திரையை மட்டும் தரையிலிருந்து இரண்டரை அங்குலம் தூக்கிவிடுங்கள். இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் திரையை இரு பக்கமும் ஒதுக்கித் திறந்து வையுங்கள். உள்ளே நனைந்த ஸ்க்ரப்பர், துடைக்கும் துணி எதையும் போட்டு மூட வேண்டாம்.

வந்துவிட்ட கறை வெள்ளைப் பருத்தி என்றால், பிளீச்சிங் திரவத்தைப் பாட்டிலில் சொன்ன அளவு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். அதோடு வினிகர், ஆசிட், கழிவறை கழுவும் திரவம் எதையும் கலந்துவிடாதீர்கள்; நச்சு வாயு கிளம்பும். நிறத் துணி என்றால் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் ஊறவைத்து நல்ல வெயிலில் உலர்த்திப் பாருங்கள். நாற்றம் போகும், கறுப்புப் புள்ளி முழுதாகப் போகாமலும் இருக்கலாம். அப்படியானால் கீழே நான்கு அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, துவைத்த வேறு நிறத் துணியில் பார்டர் வைத்துத் தைத்துவிடுங்கள். பார்டரை இரட்டைத் துணியாக வைக்காமல் ஒற்றையாக வைத்து, மடிப்பை ஓர் அங்குலத்தோடு நிறுத்தினால் சீக்கிரம் காயும். மற்ற அறைகளுக்கு நாங்கள் சொன்ன இரண்டரை அங்குல மடிப்பு இங்கே மட்டும் வேண்டாம்.

சிங்க்குக்குக் கீழே ஆசிட், பினாயில் வைத்திருந்தால் அவற்றை இன்றைக்கே மேலே ஏற்றுங்கள். தவழும் குழந்தைக்குத் திரை ஒரு தடையே இல்லை.

ராகி, வேர்க்கடலை மூட்டைகளை மேடைக்குக் கீழே வைக்கிறோம். திரை போட்டால் எலி வராமல் இருக்குமா?
— வாசகர், பென்னாகரம்

வரும், கூடுதலாகவே வரும். திறந்த அறையில் எலி பயந்து பயந்து நடமாடும். திரைக்குப் பின்னால் அதற்கு மறைவு கிடைத்துவிடும். தானியத்தை மூடி இறுக்கமான தகர டிரம்மிலோ எவர்சில்வர் டிரம்மிலோ மாற்றிய பிறகு திரை போடுங்கள். மூட்டையாகத்தான் வைக்க முடியும் என்றால் அந்த அறைக்குக் கம்பிவலை அடித்த கதவு வேண்டும், துணி உதவாது. கரப்பான் தொல்லை இருக்கும் வீட்டில் திரையின் மேல் நாடா மடிப்பையும் கீழ் மடிப்பின் திறந்த முனைகளையும் மாதம் ஒரு முறை பாருங்கள். பழுப்பு நிறத்தில் சிறு கூடாக முட்டைப்பை அங்கேதான் ஒட்டியிருக்கும். கீழ் மடிப்பின் இரு முனையையும் கையால் தைத்து அடைத்துவிட்டால் அந்த வழி போயிற்று.

பார்ட்டிகிள் போர்டில் செய்த சமையலறைக் கதவுகள் தண்ணீர் பட்டு உப்பிவிட்டன. கதவை மட்டும் கழற்றிவிட்டுத் திரை போட நினைக்கிறோம். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது.
— வாசகர், ஊத்தங்கரை

நல்ல யோசனை. கதவுக் கீலின் பெரிய குழி கதவில்தான் இருக்கும். பக்கப் பலகையில் கீலுக்கு இரண்டு சிறு ஸ்க்ரூ துளைகள் மட்டும். அவற்றில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சிகளை இறுக்கி அடித்து, காய்ந்ததும் மட்டமாகச் சீவி விடுங்கள். பலகையின் கீழ் விளிம்பு உப்பத் தொடங்கியிருந்தால் உதிர்வதைச் சுரண்டிவிட்டு எனாமல் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். இதைச் செய்யாமல் திரையை மட்டும் மாட்டினால் ஒரு வருடத்தில் சட்டமும் கதவு போன வழியே போகும்.

ஒயருக்கான கண் ஆணியைப் பார்ட்டிகிள் போர்டில் நேரடியாகத் திருகாதீர்கள். அழுத்திய மரத்தூள்தானே, இழுவை தாங்காமல் துளை பெரிதாகி ஆணி வெளியே வந்துவிடும். ஓர் அங்குலச் சதுர மரத்துண்டை உள்பக்கம் வைத்து, ஃபெவிகாலும் 35 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இரண்டும் போட்டு முதலில் நிறுத்துங்கள். மரத்துண்டு 25, பலகை 18, இரண்டும் சேர்ந்து 43 மில்லிமீட்டர் என்பதால் ஸ்க்ரூ மறுபக்கம் எட்டிப்பார்க்காது. கண் ஆணி அந்த மரத்துண்டில் போகட்டும்.

கீழ் அலமாரிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் உள்ள அலமாரிக் கதவுகள் நன்றாக இருந்தால் தொட வேண்டாம். எண்ணெய்ப் புகை மேலேதான் ஏறும்; அங்கே துணி தொங்கினால் தொட்டாலே ஒட்டும். வீடு சாலையோரமாக இருந்தாலும் இதே யோசனைதான்: கல் லாரி ஓடும் சாலைத் தூசியைத் துணி தடுக்கும், முழுதாகத் தடுக்காது. அன்றாடம் புழங்காத பாத்திரங்களைக் கதவுள்ள அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

படுக்கையறையில் சுவரோடு கட்டிய சிமென்ட் அலமாரி நான்கடி அகலம், ஆறே முக்கால் அடி உயரம். பழைய நூல் புடவையைத் திரையாகப் போட முடியுமா?
— வாசகி, தேன்கனிக்கோட்டை

ஒரு புடவை சரியாகப் போதும். ஐந்தரை மீட்டர் புடவை 216 அங்குலம். முந்தானையை ஒதுக்கிவிட்டு 86 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டினால் 172 அங்குலம் போகும், முந்தானையோடு 44 அங்குலம் மிஞ்சும். உங்கள் அலமாரியின் 81 அங்குலத்துக்குத் தைத்து முடித்த திரை 79 இருந்தால் போதும், மடிப்புகளுக்கு ஏழு அங்குலம் கிடைக்கிறது. புடவையின் அகலம் 44 அங்குலம் என்றால் இரண்டும் சேர்ந்து 88. 48 அங்குல இடத்துக்கு நல்ல கொசுவம் விழும். இரு பக்கமும் புடவைக் கரை இருப்பதால் ஓரம் அடிக்கும் வேலையே கிடையாது. இரண்டு கரையும் நடுவில் சந்திக்கும்படி தொங்கவிட்டால் பார்க்க அவ்வளவு அழகு.

வெட்டும் முன் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்துக் கட்டிய இடத்தில் இழை விலகியிருந்தால் அந்தப் பகுதி மேல் மடிப்பில் வரக் கூடாது, கம்பி உரசிக் கிழித்துவிடும். துணி இழையோடியிருந்தால் பழைய வேட்டியை உள் துணியாக வைத்துத் தையுங்கள். நான்கடிக்குக் கம்பி வளையாமல் இருக்க முக்கால் அங்குல பைப் போடுங்கள்; அல்லது அலமாரியின் மேல் கான்கிரீட்டில் அலுமினியச் சேனல் பதித்து, ரன்னர் கோத்துவிடுங்கள். தினமும் திறக்கிற அலமாரிக்குச் சேனல்தான் சுகம். அதற்கு நாடா மடிப்புத் தேவையில்லை, மேலே கொக்கி நாடா வைத்துத் தைக்க வேண்டும். பட்டுப் புடவைகளை இந்த அலமாரியில் வைப்பதானால் ஜன்னல் வெயில் திரையில் விழாத தட்டில், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

பூஜை அலமாரிக்குக் கதவு இல்லை. மஞ்சள் துணியில் திரை போடலாம் என்றிருக்கிறோம்.
— வாசகி, கிருஷ்ணகிரி

போடலாம், ஆனால் விளக்கு எரியும் நேரம் முழுக்கத் திரை பக்கத்தில் ஒதுங்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சும்மா தள்ளி விட்டால் போதாது. மின்விசிறிக் காற்றில் திரும்பி வந்துவிடும். இரு பக்கச் சுவரிலும் கொக்கி வைத்து, நாடாவால் கட்டும்படி செய்யுங்கள். அலமாரி அகலம் இரண்டடிக்குள் என்றால் ஒதுக்கிய துணியே விளக்குக்கு மிக அருகில் வந்துவிடும். அந்த அளவு அலமாரிக்குத் திரை வேண்டாம், மணி வைத்த சிறு மரக்கதவே சரி. சாம்பிராணி, கற்பூரம் காட்டும் வீட்டில் நைலான், சாட்டின் துணியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எங்கள் ஊர் போர்த் தண்ணீர் உப்பு. திரையைத் துவைக்கத் துவைக்க சாம்பல் நிறமாகிறது. எண்ணெய்க் கறையும் மஞ்சள்கறையும் போவதில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை துவைக்க வேண்டும்?
— வாசகி, மொரப்பூர்

சாம்பல் நிறத்துக்குக் காரணம் சோப்புக் கட்டி. உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து, கரையாத பிசுக்காகி இழையில் படிகிறது. கட்டி சோப்பை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் தூளுக்கு மாறுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பத்து நிமிடம் கழித்துத் தூளைப் போட்டால் நுரை நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா கையை எரிக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. வீட்டுக்கு ஒகேனக்கல் குடிநீர் வருகிறதென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கறையில் முதலில் தண்ணீர் படக் கூடாது. உலர்ந்த துணியிலேயே பாத்திரம் கழுவும் திரவத்தைத் துளித்துளியாக விட்டு, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் விட்ட பிறகு வெந்நீரில் போடுங்கள். கறை போகாமல் இஸ்திரி வைத்தால் அந்தச் சூட்டில் அது துணியோடு இறுகிவிடும்.

மஞ்சள்கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும். கறை கூடிவிட்டது என்று பயந்து பிளீச்சிங் ஊற்றுகிறவர்கள் உண்டு, அதனால் துணி நிறம்தான் போகும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். அலசிவிட்டு, ஈரத்தோடே கறை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் சிதையும். இந்தப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். கறை இருக்கும் பக்கம் மட்டும் மேலே இருக்க, மற்ற இடத்தை மடித்து உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் திரையின் சாயமும் வெளுக்கும்.

அடுப்புக்குப் பக்கத்து அறைத் திரையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சிங்க் அறையுடையதை வாரம் ஒரு முறை, மற்றவற்றை மாதம் ஒரு முறை துவைத்தால் போதும். இந்தக் காரணத்துக்காகவே சிங்க் அறைக்கும் அடுப்புக்குப் பக்கத்து அறைக்கும் இரண்டாவது ஜோடியைத் தைக்கும்போதே சேர்த்துத் தைத்துவிடுங்கள். பின்னால் தைத்தால் புதியது பளிச்சென்றும் பழையது மங்கியும் தொங்கும். இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றுபோலவே பழையதாகும்.